ஹெல்மண்ட் பள்ளத்தாக்கு: அணை நின்றது, நிலம் ஏன் உவர்ந்தது?

படுகை மணல்

பாலையில் ஓடும் ஆற்றை மறித்துப் பாசனத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துத் திட்டமிடுவது பற்றிப் பொதுவாகப் பேசினால் பேச்சு பிடிபடாமல் நழுவுகிறது. ஆகவே ஓர் ஆறு, ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட்.

புதிதாக வருபவர்களுக்கு அடிப்படை விவரம். காபூலுக்கு மேற்கே மலையில் பிறக்கும் ஆறு ஏறத்தாழ 1,150 கி.மீ. தென்மேற்காக ஓடி, கடலைத் தொடாமலே ஈரான் எல்லையிலுள்ள சிஸ்தான் தாழ்நிலத்தின் ஹாமூன் ஏரிகளில் முடிகிறது. கீழ்ப்பகுதியில் மழை ஆண்டுக்கு 100 மி.மீ. அளவுதான். வருவது பெரும்பாலும் பனி உருகிய நீர். வசந்தத்தில் பெருக்கு, கோடை முடிவில் வற்றல்.

1946-ல் ஆப்கான் அரசு அமெரிக்காவின் மோரிசன்-நூட்சன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கரகுல் ஆட்டுத்தோல் விற்றுச் சேர்ந்த டாலர் கையில் இருந்தது. அது கரைந்ததும் 1949-ல் அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் 2.1 கோடி டாலர் கடன். அர்கந்தாப் அணை 1952, கஜாகி அணை 1953. கஜாகி சுமார் 100 மீ. உயரம், 270 மீ. நீளம் உள்ள மண்-பாறை அணை. கிரிஷ்க்கில் தலைமதகு போட்டு போக்ரா கால்வாய் வழியாக நாதி அலி, மர்ஜா என்ற புதுக் குடியேற்றங்களுக்குத் தண்ணீர். எல்லாவற்றையும் நிர்வகிக்க, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை மாதிரியாக வைத்து 1952-ல் ஓர் ஆணையம்.

சில ஆண்டுகளிலேயே புதுநிலங்களில் நீர்மட்டம் மேலேறி உப்புப் பூத்தது. என் கேள்வி இதுதான்: திட்டத் தாளில் எந்த வரிசையை மாற்றியிருந்தால் அந்த நிலம் தப்பியிருக்கும்?

உவர்நிலத்தான்

வடிகால். அதை முதலில் வெட்டியிருக்க வேண்டும். அப்போது வெட்டவில்லை. செலவைக் குறைக்க முதலில் கைவிட்டதே மண் ஆய்வையும் வடிகாலையும்தான்.

"தண்ணீரில் உப்பு இருந்தது, நிலம் கெட்டது" என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் கதை வேறு. பாசன நீரின் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இது கூடும், அதனால் உப்புக்கு இதுவே அளவுகோல்) 0.5 டெசிசீமன்ஸ்/மீ. என்று வைப்போம். நல்ல ஆற்று நீர். லிட்டருக்குச் சுமார் 320 மில்லிகிராம் உப்பு. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,000 மி.மீ. பாய்ச்சினால் 10,000 கன மீட்டர், அதில் 3.2 டன் உப்பு. இதை வேர்மண்டலத்துக்குக் கீழே தள்ள எவ்வளவு கூடுதல் நீர் வேண்டும்? கோதுமை 6 டெசிசீமன்ஸ் வரை தாங்கும். வழக்கமான கழுவுநீர் வாய்பாட்டில் போட்டால் 2 சதவீதம்கூட வராது. திராட்சை 1.5-தான் தாங்கும், அதற்கே 7 சதவீதம் போதும். விவசாயி எப்படியும் 30 சதவீதம் அதிகம் பாய்ச்சுகிறார். ஆக, கழுவுவதற்கு நீர் குறையவில்லை. கழுவிய நீருக்குப் போக வழியில்லை.

இப்போது மறுபக்கம். ஆண்டுக்கு 300 மி.மீ. நீர் வேருக்குக் கீழே இறங்குகிறது, மண்ணில் நீர் வடியக்கூடிய துளைவெளி 10 சதவீதம் என்றால் நீர்மட்டம் ஆண்டுக்கு 3 மீட்டர் ஏறும். நாதி அலி, மர்ஜா மேட்டுநிலத்தில் மெல்லிய மண்ணுக்கு அடியில் நீர் புகாத கூழாங்கல் இறுகுபாறை. பாறை 3 மீட்டரில் இருந்தால் ஒரு வருடம், 9 மீட்டரில் இருந்தால் மூன்று வருடம். கரை கட்டாத கால்வாயிலிருந்து கசிவதை இதில் சேர்க்கவே இல்லை.

நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு வந்ததும் தரிசுக் காலத்தில் மண் அதை உறிஞ்சி மேலே தூக்கும். நாளுக்கு 2 மி.மீ., 120 நாள் என்றால் 240 மி.மீ. அந்த நிலத்தடி நீர் 8 டெசிசீமன்ஸ் என்றால் ஹெக்டேருக்கு 12 டன் உப்பு மேல்மண்ணில் வந்து உட்காரும். ஆற்று நீர் ஓர் ஆண்டு கொண்டு வருவதைப் போல நான்கு மடங்கு, ஒரே தரிசுப் பருவத்தில்.

சுழலி 50

உவர்நிலத்தான் சார், கணக்கு சரி. ஆனால் வடிகாலுக்குப் பணம் யார் கொடுப்பது? கஜாகி 1953-ல் நின்றது, அதன் மின்நிலையம் 1975-ல்தான் ஓடியது. இருபத்திரண்டு வருடம் அந்த நீர் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராமல் அடிமதகு வழியே இறங்கியது. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணையைப் பாருங்கள். அங்கே மின் விற்பனைதான் பாசனச் செலவின் பெரும்பகுதியைச் சுமந்தது, 1952-ல் வயலுக்குத் தண்ணீர் போவதற்கு முன்பே மின்நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மண்டில் வரிசை தலைகீழ்.

படுகை மணல்

> அங்கே மின் விற்பனைதான் பாசனச் செலவைச் சுமந்தது

அங்கே வாங்க ஆள் இருந்தது. போர்க்கால அலுமினிய ஆலைகள், ஹான்ஃபோர்ட் அணு உலைகள். 1953-ல் கஜாகியிலிருந்து யாருக்கு விற்பது? காந்தஹாருக்கு நீண்ட மின்பாதை போட வேண்டும், போட்டாலும் அங்கே தாங்கும் சுமை இல்லை. கிரிஷ்க்கில் போக்ரா கால்வாய் வீழ்ச்சியில் வைத்த 2.4 மெகாவாட் நிலையம்தான் அன்றைய தேவைக்குப் பொருத்தமான அளவு. மின்நிலையத்தை ஒத்திப்போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கான சுரங்கமும் இடமும் விட்டு வைத்தார்களா என்பதுதான் முக்கியம். விட்டிருந்தார்கள். அதே நேரத்தில் வடிகாலுக்கு இடம்கூட விடவில்லை. நிலப்பங்கீட்டு வரைபடத்தில் வடிகாலுக்கான பட்டையை ஒதுக்காமல் வீட்டு மனையும் வயலும் அளந்து கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருவரோடு பேரம் பேச வேண்டும்.

உவர்நிலத்தான்

சரியாகச் சொன்னீர்கள். வடிகால் இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரண்டு வடிகால்களுக்கு நடுவிலுள்ள தூரம், எப்படி மாறும் என்று ஒரு கணக்கு போடுகிறேன், ஏன் அந்த இறுகுபாறை ஆளைக் கொல்கிறது என்று புரியும்.

ஹூகவுட் வாய்பாடு: இடைவெளியின் வர்க்கம் = (8 × ஊடுருவுதிறன் × சமான ஆழம் (வடிகாலுக்குக் கீழே பாறைவரை நீர் நகரும் மண்ணின் கணக்கு ஆழம்) × தலைநீர் உயரம் (இரண்டு வடிகால்களின் நடுவில் நீர்மட்டம் வடிகாலுக்கு மேலே நிற்கும் உயரம்) + 4 × ஊடுருவுதிறன் × உயரத்தின் வர்க்கம்) ÷ வடிய வேண்டிய நீர். வடிகால் ஆழம் 1.8 மீ., நடுவில் நீர்மட்டம் 1 மீட்டருக்குக் கீழே நிற்க வேண்டும், ஆகவே உயரம் 0.8 மீ. ஊடுருவுதிறன் நாளுக்கு 1 மீ., வடிய வேண்டியது நாளுக்கு 2 மி.மீ.

வடிகாலுக்குக் கீழே சமான ஆழம் 3 மீ. இருந்தால் இடைவெளி 104 மீ. பாறை வடிகால் மட்டத்திலேயே இருந்தால், அதாவது சமான ஆழம் பூஜ்யம், இடைவெளி 36 மீ. முதலாவதில் ஹெக்டேருக்கு 96 மீட்டர் வடிகால், இரண்டாவதில் 278. பத்தாயிரம் ஹெக்டேருக்கு 960 கி.மீ. எதிர் 2,780 கி.மீ. ஒரே பயிர், ஒரே நீர், செலவு மூன்று மடங்கு. இந்த விடை தெரியாமல் "இத்தனை ஆயிரம் ஹெக்டேர் பாசனம்" என்று அறிவிப்பது வெறும் ஆசை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊடுருவுதிறனை அளக்க எல்லோரும் துளைக்குழி முறையைச் சொல்வார்கள்: 8 செ.மீ. துளை போடு, நீர் நிரம்பட்டும், இறைத்துவிட்டு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார். திட்டத்துக்கு முந்தைய பாலையில் நீர்மட்டம் பத்து, இருபது மீட்டரில் கிடக்கும். துளையில் நீரே வராது. அப்போது தலைகீழ் முறை, துளையில் நீரை ஊற்றி இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். முதலில் சில மணி நேரம் ஊற வைக்காவிட்டால் காய்ந்த மண் குடிக்கும் வேகத்தை ஊடுருவுதிறன் என்று எழுதிவிடுவார்கள். அளவு இரண்டு மூன்று மடங்கு கூடிவரும், வடிகால் இடைவெளி அகலமாகும், தாளில் செலவு குறையும். பத்து வருடம் கழித்துத்தான் குட்டு வெளிப்படும்.

புதுப்புனல்

நடுவில் ஒரு சந்தேகம், அண்ணா. வடிகால் வெட்டினால் அந்த உப்புநீர் எங்கே போகும்? மறுபடி ஆற்றிலேயே விட்டால் கீழே இருப்பவர்களுக்கு?

உவர்நிலத்தான்

நல்ல கேள்வி, தம்பி. போக்ரா பகுதியில் பெரும்பாலும் ஆற்றிலேயே விடுவதுதான் வழி. கீழே தர்வேஷான் கால்வாய், அதற்கும் கீழே சிஸ்தான். பெருக்குக் காலத்தில் கலந்து கரையும், செப்டம்பரில் ஆறு மெலிந்திருக்கும்போது அதே வடிகால் நீர் ஆற்றின் உப்பைச் சட்டென்று ஏற்றிவிடும். ஆகவே வடிகால் வாயில் மதகு வைத்து, பெருக்கில் திறந்து, வற்றலில் அடைத்து வைப்பது ஒரு முறை. பள்ளத்தில் விட்டு ஆவியாக விடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு இடம் கணக்குப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 2 மீட்டர் ஆவியாகும் என்றால் ஒரு சதுர கி.மீ. குளம் 20 லட்சம் கன மீட்டர்தான் விழுங்கும், உப்புச் செறிவு ஏற ஏற அதுவும் குறையும்.

கொலம்பியாவில் மேல்பகுதி வயல்களின் திரும்புநீரை பாட்ஹோல்ஸ் நீர்த்தேக்கத்தில் சேர்த்துத் தென்பகுதிக்கு மறுபடி பாய்ச்சுகிறார்கள். நீர் நன்றாக இருப்பதால் அது முடிகிறது. அங்கேயும் வடிகால் செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாரும் அதை ஒரு புனிதத் தலமாக்க வேண்டாம்.

மடைத்தலை

வயலுக்குள் நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நீர் அதிகம் பாய்ந்ததற்கு விவசாயியின் பேராசை காரணமல்ல. புதுக் குடியேற்றத்தில் நிலத்தைச் சமன்படுத்திக் கொடுக்கவில்லை. பாத்திக்குள் 15 செ.மீ. மேடுபள்ளம் இருந்தால் மேட்டை நனைக்க, பள்ளத்தில் 15 செ.மீ. நீர் நிற்க வேண்டும். மேட்டில் உப்புப் பூக்கும், பள்ளத்தில் பயிர் அழுகும். இரண்டும் ஒரே வயலில்.

குடியேறியவர்களில் பலர் நாடோடி மேய்ப்பர்கள். கால்வாய் நிர்வாகம் நாளெல்லாம் ஓடும் நீரைக் கொடுத்தது, இரவில் யாரும் வயலில் இல்லை. இரவு நீர் முழுவதும் கடைமடை வழியே வழிந்து தாழ்வில் தேங்கும். பகிர்மான வாய்க்காலில் இரவுத் தேக்கம் ஒன்று வைத்திருந்தால் அந்த வீணைப் பாதியாவது மடக்கலாம்.

பழைய வாய்க்கால்களில் மிராப் என்ற நீர்க்காரர் உண்டு, ஊர் தேர்ந்தெடுத்து ஊரே கூலி கொடுக்கும். முறை வைப்பது, தூர் வாருவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. புதுக்கால்வாயில் அந்த இடத்தில் அரசு ஊழியர் வந்தார். மதகைத் திறக்க உத்தரவு வேண்டும் என்று ஆனதும், யாருக்கு எப்போது நீர் வரும் என்பது தெரியாமல் போனது. தெரியாதவன் கிடைக்கும்போது மொத்தமாகப் பாய்ச்சுவான். கசிவுக்கு இதுவும் ஒரு காரணம், எந்தப் பொறியியல் அறிக்கையும் இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதில்லை.

படுகை மணல்

மடைத்தலை சொன்ன சமன்படுத்தல் பிறகு நடந்தது, நடந்த விதம்தான் கோளாறு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு ஷமலான் பகுதியில் நிலத்தைச் சமன்படுத்தி, துண்டு நிலங்களைச் சேர்த்து, புது வாய்க்கால் போடத் திட்டமிட்டார்கள். அது காலியாகக் கிடந்த மேட்டுநிலமல்ல, தலைமுறைகளாகப் பயிரிட்ட ஆற்றோர நிலம், மரமும் கொடியும் உள்ளது. வேலை நடக்கும்போது ஒரு பருவமாவது பயிர் இல்லை, திரும்பக் கிடைப்பது அதே மண்ணா என்று உறுதியில்லை. விவசாயிகள் புல்டோசரை உள்ளே விடவில்லை.

சமன்படுத்தலில் ஒரு நுட்பம் உண்டு. மேல்மண் 20-30 செ.மீ.-ஐ முதலில் ஒதுக்கி, அடிமண்ணை வெட்டி நிரப்பி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். செலவு கூடும் என்று இதை விட்டால் வெட்டிய இடத்தில் சுண்ணாம்பு, கிப்சம் கலந்த அடிமண் மேலே வரும், இரண்டு மூன்று வருடம் விளையாது. விவசாயியின் பயம் ஆதாரமற்றதல்ல.

எல்லைக்கல்

ஆற்றின் கடைசி நாட்டைப் பற்றிச் சொல்லாமல் திட்டம் என்று பேசுவது அரைக் கணக்கு. 1951-ல் அமெரிக்கா, கனடா, சிலி நிபுணர்கள் அடங்கிய குழு ஈரானுக்கு வினாடிக்கு 22 கன மீட்டர் என்று பரிந்துரைத்தது. ஈரான் ஏற்கவில்லை. 1973 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 22-உம், நல்லெண்ணமாக 4-உம் சேர்த்து 26 கன மீட்டர். நம் கணக்கில் சுமார் 920 கனஅடி, ஆண்டுக்கு 82 கோடி கன மீட்டர், 29 டிஎம்சி.

இந்த ஒப்பந்தத்தில் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. "சாதாரண ஆண்டு" என்பது வாய்ப்பேச்சல்ல: கஜாகிக்கு மேலே தெஹ்ராவுட் அளவை நிலையத்தில் அக்டோபர் முதல் செப்டம்பர் வரை 566 கோடி கன மீட்டர் (200 டிஎம்சி) வந்தால் அது சாதாரண ஆண்டு. குறைந்தால் ஈரானின் பங்கும் அதே விகிதத்தில் குறையும். பங்கு மாதவாரியாக மாறும், ஆண்டுக்கு ஒரே அளவல்ல. கூடுதல் நீர் ஓடினாலும் ஈரான் அதில் உரிமை கோர முடியாது.

அளக்கும் இடம் அணைக்கு மேலே என்பது புத்திசாலித்தனம். அணைக்குக் கீழே அளந்தால் தேக்கியதா, வரவே இல்லையா என்று தெரியாது. ஆனால் அந்த நிலையத்தில் பல ஆண்டுகள் யாரும் அளக்க முடியாத நிலை வந்தது. அப்புறம் "இது சாதாரண ஆண்டா, வறட்சி ஆண்டா" என்பதே சண்டையாகிவிட்டது. நிலையத்தின் மட்ட அளவியை மட்டும் நம்பினால் போதாது. ஆற்றுப்படுகை மாறும், ஒவ்வொரு பெருக்குக்குப் பின்னும் ஓட்டமானியால் அளந்து மட்ட-ஓட்ட அட்டவணையைத் திருத்த வேண்டும்.

2021 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் நிம்ரூஸ் மாகாணத்தில் இதே ஆற்றில் கமால் கான் அணையும் வந்துவிட்டது. மின்சாரம் 9 மெகாவாட், தேக்கம் சுமார் 5 கோடி கன மீட்டர். ஆனால் பெருக்கை ஹாமூன் பக்கம் விடாமல் கோத்-இ-ஸிர்ரே பள்ளத்துக்குத் திருப்பும் திறன் அதற்கு உண்டு. சண்டை அதில்தான்.

சுழலி 50

மின்சாரப் பக்கம் விரிவாக எழுதுகிறேன்.

566 கோடி கன மீட்டரை வினாடிக்கு மாற்றினால் சராசரி 180 கன மீட்டர், சுமார் 6,340 கனஅடி. 60 மீட்டர் நிகர நீர்வீழ்ச்சி, 88 சதவீதத் திறன் என்று எடுத்தால் 16.5 மெகாவாட் இயந்திரம் ஒன்றுக்கு 32 கன மீட்டர் வேண்டும். 1975-ல் வைத்தவை இரண்டு, மொத்தம் 33 மெகாவாட். நடுவில் இரண்டாம் எண் இயந்திரத்துக்கான குழியைக் காலியாக விட்டார்கள். இரண்டும் முழுவீச்சில் ஓடினாலும் சராசரி ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடும்.

பாசனமும் மின்சாரமும் ஒரே நீரைக் கேட்கும்போது சண்டை அளவில் இல்லை, காலத்தில். காந்தஹாருக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும், அப்போது வயலுக்குத் தேவை குறைவு. கோடையில் வயல் முழுதாகக் கேட்கும், நீர்மட்டம் இறங்கி நீர்வீழ்ச்சி குறைந்து இயந்திரம் முழுத்திறனைத் தராது. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக அதிகம் விட்டால் ஏப்ரலுக்கு முன் அணை காலி. இதற்கு மாதவாரி இயக்க வரைகோடு போட வேண்டும்: இந்த மட்டத்துக்குக் கீழே போனால் மின்சாரத்துக்காக மட்டும் நீர் விடக்கூடாது என்று. வரைகோடு இல்லாத அணையில் யார் கடைசியாகத் தொலைபேசியில் கத்தினாரோ அவர் பேச்சு நடக்கும்.

எந்த இரட்டைப் பயன் அணையிலும் மறக்கும் பொருள் ஒன்று: மாற்றுவழி வால்வு. நீண்ட ஒற்றை மின்பாதையில் சுமை திடீரென்று அறுந்தால் டர்பைனின் வழிகாட்டித் தகடுகள் மூடும், ஆற்றில் ஓட்டம் சில நிமிடங்களில் பாதியாகும். 80, 90 கி.மீ. கீழே கிரிஷ்க் தலைமதகில் அந்த ஓட்டக் குறைவு மணிக்கணக்கில் தாமதித்து வரும், கால்வாயில் மட்டம் சரியும், வேகமாகச் சரிந்தால் கரை சரிவு. டர்பைன் மூடும்போது தானாகவே திறக்கும் வால்வு இருந்தால் ஆற்றுக்குத் தெரியவே தெரியாது.

கஜாகி மின்பாதை 110 கிலோவோல்ட், ஸாங்கின் வழியாக லஷ்கர் காவுக்கும் காந்தஹாருக்கும். சுமை குறைந்த இரவில் நீண்ட பாதையின் முனையில் மின்னழுத்தம் ஏறும், அதை அடக்க இணைச் சுருள் (shunt reactor) வேண்டும். இல்லாவிட்டால் காந்தஹாரில் மின்மாற்றி சூடாகும், காரணம் புரியாமல் மின்நிலையத்தைத் திட்டுவார்கள்.

வண்டல் மேடு

சுழலி, அந்தக் காலிக் குழி கதையையும் சொல்லுங்களேன்.

சுழலி 50

சுருக்கமாக. 2008-ல் பிரிட்டிஷ் படைகள் பெரிய வாகன அணியாக 200 டன்னுக்கு மேற்பட்ட டர்பைன் பாகங்களைக் கஜாகிக்குக் கொண்டு சேர்த்தன. இயந்திரம் போனது, அதைப் பதிக்கத் தேவையான சிமென்ட் போகவில்லை. டர்பைனுக்கு நீரைக் கொண்டுவரும் சுருள்கூட்டைச் சுற்றி இரண்டாம் கட்ட கான்கிரீட் போடாமல் டர்பைனை வைக்க முடியாது. அது நூற்றுக்கணக்கான டன் சிமென்ட், அதையும் அதே சாலையில் கொண்டுவர வேண்டும். 2016-ல்தான் அந்த 18.5 மெகாவாட் இயந்திரம் ஓடியது. 2022-ல் துருக்கி நிறுவனம் தனி மின்நிலையத்தில் மேலும் 100 மெகாவாட் சேர்த்தது.

பாடம் எளிது. கனமான பாகத்தைக் கொண்டுபோகும் திட்டத்தில் மணல், ஜல்லி, சிமென்ட், டீசல், கிரேன் ஐந்தையும் தனி வரியாக எழுதி, எது கடைசியாக வந்தாலும் வேலை நிற்குமோ அதை முதலில் அனுப்ப வேண்டும். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த ஜெனரேட்டர் சுற்றைச் சும்மா இணைக்கவும் கூடாது. காப்புத்தடையை ஒரு நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் அளக்க வேண்டும், இரண்டின் விகிதம் 2-க்குக் குறைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, உலர்த்திவிட்டுத்தான் மின்னழுத்தம். ரப்பர் அடைப்புகளைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

வண்டல் மேடு

என் பங்குக்கு. அணையின் கொள்ளளவு ஆண்டு வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே வரும் வண்டலில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே தங்கும். கஜாகி அந்த வகை. மொட்டைமலை நீர்ப்பிடிப்பு, பனி உருகும் வேகம், வண்டலுக்குக் கேட்க வேண்டியதில்லை. அது அணையின் காலடியில் முதலில் சேராது. நீர்த்தேக்கத்தின் தலைப்பில் திட்டாக ஆரம்பித்து முன்னேறும், பயன்படும் கொள்ளளவைத்தான் முதலில் தின்னும். "அடித்தேக்கத்தில் நூறு வருட வண்டலுக்கு இடம் விட்டிருக்கிறோம்" என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எழுதியவர் வண்டலைப் பார்த்ததில்லை என்று பொருள்.

கஜாகியின் உபரிநீர்ப் போக்கிக்குக் கதவு வைக்கும் எண்ணம் வடிவமைப்பிலேயே உண்டு, பல பத்தாண்டுகள் வைக்கவில்லை. கதவு வைத்தால் இழந்த கொள்ளளவு திரும்பும் என்பது சரி. அதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: மேலே மூழ்கும் நிலத்துக்கும் ஊர்களுக்கும் இழப்பீடு, மண் அணையின் மையக் களிமண் புதிய உயரத்துக்குப் போதுமா என்பது, பெருவெள்ளத்தில் கதவு திறக்காமல் சிக்கினால் அணை மேல் வழியுமா என்பது. மின்சாரம் போன இரவில் கையால் திறக்க எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விளைவு பலருக்குத் தெரியாது. அணைக்குப் பின் ஆற்றில் தெளிந்த நீர் ஓடும். முன்பு கலங்கல் நீரின் நுண்வண்டல் மண் கால்வாயின் கரையைத் தானே பூசி அடைக்கும். தெளிந்த நீரில் அந்தப் பூச்சு கிடையாது, கசிவு கூடும். வெளிச்சம் அடிவரை இறங்குவதால் பாசியும் நீர்ப்பூண்டும் மண்டும், கால்வாயின் திறன் குறையும், மட்டத்தை உயர்த்தி ஓட்டுவார்கள், கசிவு இன்னும் கூடும். ஆற்றுப்படுகையும் அரித்து இறங்குவதால் கீழேயுள்ள பழைய ஊர் வாய்க்கால்களின் வாய் உயரத்தில் நின்றுவிடும்.

புதுப்புனல்

வடிகாலுக்குப் பதில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு இறைத்தால் நீர்மட்டம் இறங்காதா? பாகிஸ்தானில் செய்தார்களே. மின்சாரம்தான் இருக்கிறதே.

உவர்நிலத்தான்

1960-களில் பஞ்சாபில் செய்தார்கள், ஆமாம். அங்கே அடியில் நூறு மீட்டருக்கு மேல் மணல், நீரும் பல இடங்களில் நல்ல நீர், இறைத்ததை வயலுக்கே விட்டார்கள். நாதி அலியில் மெல்லிய மண், கீழே இறுகுபாறை. கிணறு எதை இறைக்கும்? இறைத்தாலும் உப்புநீர், அதை எடுத்துச் செல்லத் திறந்த வடிகால் மறுபடி வேண்டும். ஆற்றோரப் பழைய படுகை மண்ணில் வேண்டுமானால் யோசிக்கலாம்.

சுழலி 50

படுகை மணலின் முதல் கேள்விக்குப் போவோம். யாராவது வரிசையாகச் சொல்லுங்கள், இன்றைக்கு வெற்றுத்தாளில் தொடங்கினால் முதல் மூன்று வருடம் என்ன?

படுகை மணல்

என் விருப்பம் இப்படி, மற்றவர்கள் வெட்டிக் குத்தட்டும்.

முதல் வருடம் ஆற்றைத் தொடவே வேண்டாம். நிலத்தை வகைப்படுத்துங்கள். அமெரிக்காவின் பாசனத் துறையான நில மீட்பு நிறுவனத்தின் (Bureau of Reclamation) ஆறு வகுப்பு முறை போதும்: 1 முதல் 4 வரை பயிரிடத்தக்கது, 5 ஆய்வு முடியும் வரை நிறுத்தி வைப்பது, 6 கூடாது. துளைகள் 2 மீட்டரோடு நிற்கக்கூடாது. ஒவ்வொரு சதுர கி.மீ.க்கும் சிலவாவது இறுகுபாறை தட்டும் வரை போக வேண்டும். அந்த ஆழ வரைபடம் கையில் இல்லாமல் அணையின் உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, ஏனெனில் பாசனப் பரப்பு அதிலிருந்துதான் வரும். மர்ஜா போன்ற மேட்டுநிலம் 5-ல் விழும், வடிகால் செலவோடு சேர்த்துப் பார்த்தால் 6-ல்.

இரண்டாம் வருடம் ஒரு மாதிரிப் பண்ணை, 200 ஹெக்டேர் அளவில், மோசமான மண்ணில். நல்ல மண்ணில் போட்டுப் படம் எடுப்பது வழக்கம், அது எதையும் கற்றுத் தராது. கால்வாயும் வடிகாலும் ஒரே நாளில் ஓடட்டும். ஏற்கெனவே உப்பு உள்ள மண்ணை முதலில் கழுவ, ஒரு மீட்டர் ஆழ மண்ணுக்கு ஒரு மீட்டர் நீர் தேக்கினால் ஏறத்தாழ 80 சதவீத உப்பு இறங்கும். அந்த நீர் வடிகாலில் வெளியே வருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் அந்த நிலத்துக்கான விடை கிடைத்துவிட்டது, மலிவாக.

ஆற்றோரப் பழைய வாய்க்கால்களைச் சீர்செய்வதுதான் முதல் கட்டுமானம். தலைமதகு இல்லாத வாய்க்கால்களுக்குத் தலைமதகு, மண் தடுப்புக்குப் பதில் நிரந்தரத் தடுப்பணை. மிராப் அப்படியே இருக்கட்டும். அணை அதற்குப் பின்.

எல்லைக்கல்

மூன்றாம் வருடத்தில் கீழ்நாட்டுடன் அளவை நிலையம் பற்றிய உடன்பாட்டையும் சேருங்கள். அணை கட்டிய பிறகு பேசினால் விலை கூடும்.

மடைத்தலை

மாதிரிப் பண்ணையில் விவசாயிகள் இருக்க வேண்டும், ஊழியர்கள் அல்ல. அவர்கள் இரவில் பாய்ச்சுகிறார்களா என்று பாருங்கள். பாய்ச்சவில்லையென்றால் வாய்க்காலைப் பகல் ஓட்டத்துக்கு அகலமாக வடிவமைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவுத் தேக்கம்.

வண்டல் மேடு

சிமென்ட் விஷயம் ஒன்று விட்டுப்போனது. கிப்சம் உள்ள மண்ணில் கால்வாய்க் கட்டுமானத்துக்குச் சல்பேட் தாங்கும் சிமென்ட்தான். சாதாரண சிமென்டில் போட்ட மதகுச் சுவர் வீங்கி விரிசல் விடும். கசியும் இடத்தில் கிப்சம் கரைந்து கால்வாய்க்கு அடியில் பொந்து விழும், ஒரு நாள் திடீரென்று படுகை உள்வாங்கும். துளை மண்ணைச் சோதிக்கும்போதே கிப்சம் சதவீதத்தையும் எழுதிவிட்டால் எந்த நீளத்துக்கு உறை போட வேண்டும் என்று முன்பே தெரியும்.

உவர்நிலத்தான்

படுகை மணலின் பட்டியலில் ஒரே ஒரு திருத்தம். நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் கவனிப்புக் குழாய்கள். மாதிரிப் பண்ணை தொடங்கும் முன்பே, 50 ஹெக்டேருக்கு ஒன்று வீதம், 4 மீ. ஆழத்தில். மாதம் ஒரு முறை மட்டம், ஆண்டுக்கு இரண்டு முறை உப்பு. பாறைக்கு மேலே ஒன்று, முடிந்தால் பாறைக்குக் கீழே ஒன்று என்று இணையாகப் போட்டால் நீர் மேலிருந்து இறங்குகிறதா, கால்வாயிலிருந்து பக்கவாட்டில் வருகிறதா என்று பிரித்துச் சொல்லலாம். குழாயின் வாயை மூடி, தரைக்கு 30 செ.மீ. மேலே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் பாய்ச்சலிலேயே வயல் நீர் உள்ளே இறங்கி எல்லா அளவும் பொய்யாகும்.